கறுப்புக் கட்டங்கள்

10-9-1998: இன்று ஒருவரை வாழ்த்தப் போய்த் திட்டு வாங்கினேன். தவறு என்னுடையதுதான்.

வெள்ளத்துரை டைரியில் அவ்வளவுதான் எழுதினான். நடந்தது இது.

செயற்கைக்கோள் ரேடார் எடுத்த படத்தில், தருவைகுளம் பக்கம் கறுப்புக் கட்டங்கள் தெரிந்தன. தேங்கிய தண்ணீர் ரேடாருக்கு அப்படித்தான் தெரியும். பருவத்துக்கு முன்பே நெல் நட்டுவிட்டார்கள் என்று அறிக்கை எழுதினான். ஸ்ரீவைகுண்டத்து வயல்காரர் மகனுக்கு வேறென்ன தோன்றும்? முதல் படத்திலேயே பயிரைச் சரியாகச் சொன்னால்தான் தற்காலிக வேலை நிலைக்கும். அதனால், அறிக்கையை அனுப்புமுன் அந்த நிலத்துக்காரர் காசிலிங்கத்தைத் தூத்துக்குடி டீக்கடையில் பிடித்தான்.

"அண்ணாச்சி, நான் சர்வே ஆபீஸ் வெள்ளத்துரை. உங்க பாத்தில தண்ணி நிக்கா?"

"நிக்கு."

"விளைச்சல் எப்படி?"

"இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல."

அவனுக்கு ஒரே சந்தோஷம். "இனியும் குறை வராது. இந்த வாரமே நல்ல மழை பெய்யும், பாருங்க!"

அண்ணாச்சி டம்ளரை ணங்கென்று வைத்தார். "ஏலே, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? பேருலயே வெள்ளத்தை வச்சிக்கிட்டு மழையை வேற கூப்பிடுதியே!"

"மழை பெஞ்சா நல்லதுதானே, அண்ணாச்சி?"

"உப்பளத்துல மழை பெஞ்சா என்னலே மிஞ்சும்?"

டைரியில் கடைசியாக ஒன்று சேர்த்தான்.

நாளைய வேலை: அறிக்கையில் ‘நெல்’ என்பதை அடித்துத் திருத்த வேண்டும். பிறகு தருவைகுளம் போய், மற்ற கறுப்புக் கட்டங்களின் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.