பாறையியலில் குறட்டை

"அந்த ஆளோட பேரை எங்க வகுப்புலேருந்து எடுத்துடுங்க மேடம். ஒண்ணு அவரு இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்."

மாரிபெல் புகார்த் தாளைக் கவுண்டரில் வைத்தாள். கம்யூனிட்டி காலேஜ் அலுவலகத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் நகாகாவா மேடம், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"யாரு, அசெவெடோவா? என்ன பண்ணாரு?"

"தூங்குறாரு."

"அவ்வளவுதானா?"

"குறட்டை வேற மேடம். நேத்து வாத்தியார் சுண்ணாம்புக் கல்லைக் காணோம்னு அலமாரி பூரா தேடுறாரு. அது இவரு கன்னத்துக்குக் கீழ கிடக்கு."

மேடம் இருமினார். அது இருமல் மாதிரித் தெரியவில்லை.

மாரிபெல்லுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதாம் ஆலையில் வேலை, வீட்டில் இரண்டு வாண்டுகள். ஆறு வருஷமாக ஒவ்வொரு பாடமாகப் படித்துக் கரையேறி, வருகிற ஆகஸ்டில் யூனிவர்சிட்டியில் சேர இடமும் வாங்கிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. லேப் வைத்த அறிவியல் பாடம் ஒன்று முடித்திருக்க வேண்டும். அவள் படித்த தாவரவியலில் லேப் கிடையாதாம். பூவைப் பற்றிப் படித்தால் போதாது, பூவைப் பிய்த்தும் பார்த்திருக்க வேண்டுமாம்.

அவள் வேலை நேரத்துக்கு ஒத்துவந்த ஒரே லேப் பாடம் பாறையியல். அதற்கும் பதினாலு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பதினைந்து பேர் இல்லாவிட்டால் வகுப்பு ரத்து. பேர் கொடுக்கக் கடைசி நாள் மத்தியானம் அவள் கணவனையே சேர்த்துவிடப் பார்த்தாள்.

"கல்லைப் பார்க்க நான் எதுக்கு காலேஜுக்கு வரணும்? நம்ம தோட்டத்துலயே கிடக்குதே" என்று அவன் நழுவிவிட்டான்.

மறுநாள் காலை பார்த்தால் பதினைந்து ஆகியிருந்தது. வகுப்பு நடக்கும். மாரிபெல் ஓடிப்போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஏற்றி என்ன? லேப்பில் அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் பால்பண்ணைக்கார அசெவெடோ. எழுபது வயசு. ரப்பர் பூட்ஸ், அதில் காய்ந்த சாணி. வந்ததும் பெட்டியிலிருந்து வழவழப்பான கல்லாகப் பார்த்து எடுத்துத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏன் பெரியவரே, படிக்கிற எண்ணமே இல்லைன்னா எதுக்கு வர்றீங்க?"

"விடியக்காலம் மூணு மணிக்குக் கறவைக்கு எந்திரிக்கிறவன்மா. கண்ணு தானா சொக்குது." கொட்டாவி விட்டார். "என் பொண்ணும் இந்தக் காலேஜ்தான். கடைசிப் பாடம் ஒண்ணு நடக்காமப் போச்சு. அதோட படிப்பை விட்டுட்டா. சரி, இப்ப எந்தக் கல்லைப் பத்தி எழுதணும்?"

"நீங்க தலைக்கு வச்சிருக்கிறதைப் பத்தி."

"அப்ப நீயே எழுதிடு. எனக்கு அது நல்லாப் பழகிடுச்சு."

அன்றைக்கே புகார் எழுத உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாள்தான் இப்போது மேடம் கையில் இருந்தது.

"ரெண்டு பேர் வேலையை ஒருத்தியா செய்யறேன் மேடம். இதுல பாஸாகலைன்னா யூனிவர்சிட்டி இடமே போயிடும்."

"அவரு இதுக்கு முன்னாடி இங்க என்னென்ன படிச்சிருக்காருன்னு தெரியுமா உனக்கு?"

"என்னது, படிச்சாரா?"

"அதையெல்லாம் நான் உன்கிட்ட காட்டக் கூடாது. காலேஜ் விதி." மேடம் கம்ப்யூட்டரில் ரெண்டு தட்டுத் தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "தண்ணி குடிச்சுட்டு வர்றேன். எனக்குத் தாகம் தீர ரெண்டு நிமிஷம் ஆகும்."

மாரிபெல் எட்டிப் பார்த்தாள்.

பிரெஞ்சு, ஃபெயில். உயர்கணிதம், ஃபெயில். குழந்தை வளர்ப்பு, ஃபெயில். ஆரம்பநிலை நடனம், ஃபெயில். மொத்தம் ஒன்பது பாடம். ஒன்றில்கூடத் தேறவில்லை.

மேடம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நடனத்துல கூடவா மேடம்?"

"பூட்ஸைக் கழட்ட மாட்டேன்னுட்டாரு."

"அப்புறமும் இவரை எதுக்குச் சேர்த்துக்கிறீங்க?"

"வலது ஓரத்துல, வகுப்புல மொத்தம் எத்தனை பேருன்னு போட்டிருக்கும். அதையும் பார்த்துடு."

மாரிபெல் விரலை வைத்துப் படித்தாள். பிரெஞ்சு, பதினைந்து. கணிதம், பதினைந்து. குழந்தை வளர்ப்பு, பதினைந்து. நடனமும் பதினைந்து. விரல் மெதுவாக இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. பாறையியல், பதினைந்து. பேர் கொடுத்தது கடைசி நாள், மாலை நாலு ஐம்பதுக்கு.

"ஏதாவது வகுப்புக்கு ஒரு ஆள் குறையுதுன்னா நான் ஒரு போன் போடுவேன்" என்றார் மேடம். "கறவையைப் பாதியில விட்டுட்டு ஓடி வருவாரு." பேனாவைத் திறந்தார். "இன்னிக்குத்தான் கடைசியா ஆள் எண்ணுற நாள். அவரு பேரை அடிச்சா பதினாலு. என்னம்மா, அடிச்சிடட்டுமா?"

மாரிபெல் தாளைத் தன் பக்கம் மெல்ல இழுத்தாள். நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"புகாரெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். லேப்புக்குள்ள தலையணை கொண்டுவரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."