ஏழாம் நம்பர் குப்பி

லேபில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற பெரியக்கா, பட்டினி போடுகிற வேலை வந்தால் மட்டும் நைசாக நழுவிவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான். "இதை மட்டும் நீ பார்த்துக்கோம்மா" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

புதுப்பொண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப்பொண்ணு என்றால் வயது நாற்பத்திரண்டு, ரெண்டு பிள்ளைக்குத் தாய். இந்த லேபுக்கு மாற்றலாகி வந்து மூன்றே மாதம் என்பதால் அவளுக்கு இன்னும் அந்தப் பேர்தான்.

சில குழந்தைகளுக்கு, உடம்பு கொழுப்பை எரிக்க முடியாத பரம்பரை நோய் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறவரை ஒன்றும் தெரியாது. வயிறு காய்ந்தால் ஆபத்து. யாருக்கு லேசு, யாருக்குக் கடுமை என்று முன்கூட்டியே சொல்வதுதான் இந்த லேபின் வேலை. குழந்தையின் தோலிலிருந்து எடுத்த செல்களைக் குப்பியில் வளர்ப்பார்கள். பிறகு ஒருநாள் முழுக்கச் சர்க்கரையை நிறுத்தி, கொழுப்பை மட்டும் கொடுத்து, எவ்வளவு எரிக்கிறது என்று அளப்பார்கள். அதற்குத்தான் அங்கே பட்டினி போடுவது என்று பேர்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஏழாம் நம்பர் குப்பியும் ஒவ்வொரு தடவையும் கூடவே பட்டினி கிடக்கும். பல வருஷமாகப் பாதுகாத்து வைத்திருக்கிற செல்கள். அதைவிட மோசமானது அந்த லேபில் கிடையாது.

இந்தத் தடவை வந்தது ரெண்டு மாதப் பெண் குழந்தை. நோய் இருப்பது பிறந்த வாரமே தெரிந்துவிட்டது; எவ்வளவு கடுமை என்பதுதான் தெரியவில்லை. அம்மாக்காரி நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ, வராந்தா பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

புதுப்பொண்ணு முணுமுணுத்துக்கொண்டே ரெண்டு குப்பியிலும் சர்க்கரையை நிறுத்தினாள்.

மறுநாள் முடிவு வந்தது. குழந்தையின் செல்கள் கொழுப்பை நன்றாகவே எரித்திருந்தன. ஏழாம் நம்பர் வழக்கம்போல அடியில் கிடந்தது.

டாக்டர் கையெழுத்துப் போட்டதும் தாளை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடியது யார்? பெரியக்காதான். லேசான வகை என்று கேட்டதும் அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். பெரியக்கா அதோடு விடவில்லை.

"லேசுன்னு அசந்துடாதே. காய்ச்சல் வந்து சாப்பிடலைன்னா தூங்க விடாதே. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

இதையே மூன்று தடவை சொன்னாள். அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள்.

நல்ல சேதி சொல்லும்போதுகூடப் பயமுறுத்தணுமா என்று புதுப்பொண்ணுக்கு எரிச்சல். பட்டினி போட நான், பேர் வாங்க இவளா?

லேபுக்குத் திரும்பிய பெரியக்கா கையைக் கழுவினாள். வேறெதையும் தொடாமல், முதலில் ஏழாம் நம்பரை எடுத்துச் சர்க்கரை கலந்த திரவத்தை ஊற்றினாள்.

புதுப்பொண்ணு கேட்டேவிட்டாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. எல்லாம் செய்றீங்க, பட்டினி போடற வேலையை மட்டும் என் தலையில கட்டிட்டுப் போயிடறீங்களே, அது ஏன்?"

பெரியக்கா குப்பியைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இது என் பையனும்மா. ரெண்டு வயசு. காய்ச்சல்ல சாப்பிடாமத் தூங்கிட்டான், தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன். அவன் போனப்புறம்தான் நோயே தெரிஞ்சுது. இன்னொரு தடவை என் கையால அவனைப் பட்டினி போட முடியலை."