நூற்றுப் பதினெட்டாவது ஓட்டு

"கத்தியைக் கீழ வச்சுட்டுப் பதில் சொல்லு மில்ட்," என்றாள் வெர்னா. "ராய்ஸுக்கா போட்டே?"

சலூன்காரர் மில்ட் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நாற்காலியில் பாதித் தாடியோடு சாய்ந்திருந்த தபால்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"உன் புருஷனுக்குத்தான் போட்டேன். எங்க வந்து சத்தியம் பண்ணணும்? லூத்தரன் கோயில்லயா, கத்தோலிக்கக் கோயில்லயா?"

"நீ ரெண்டுக்கும் போறதில்லையே."

"அதனாலதான் கேக்கறேன்."

வெர்னா சிவப்புப் பென்சிலால் மில்ட் பெயரை அடித்தாள். தேர்தலுக்கு முன் வீடு வீடாகக் கதவைத் தட்டி வாக்குறுதி வாங்கிச் சேர்த்த பட்டியல் அது. தன் வீட்டு ரெண்டு ஓட்டையும் சேர்த்து மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பேர்.

மின்னசோட்டாவில் ஹோல்ம்பியை நகரம் என்று சொல்வது ஊர் எல்லையில் நட்ட பலகை மட்டும்தான். பதிவான ஓட்டே இருநூற்று முப்பத்தைந்து. வெர்னா கணக்குப்படி அவள் கணவன் ஆர்லோவுக்கு நூற்றுப் பதினெட்டு, ராய்ஸ் பெக்குக்கு நூற்றுப் பதினேழு. எண்ணிப் பார்த்தால் அது அப்படியே தலைகீழாக இருந்தது. யாரோ ஒரே ஒரு ஆள் ராய்ஸுக்கு மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

மேயர் தேர்தலில் கட்சி கிடையாது, சின்னம் கிடையாது. சீட்டில் வெறும் பெயர்கள்தான். பழியைத் தூக்கிப் போட பெரிய கட்சிகளின் யானையோ கழுதையோகூட இல்லை.

ராய்ஸ் பதவிக்கு வந்தால் நூலகத்தை மூடி, கட்டடத்தை விற்று, பனி அள்ளும் வண்டி வாங்குவதாகச் சொல்லியிருந்தான். பத்தொன்பது வருடமாக அங்கே நூலகர் வேலை பார்க்கும் வெர்னாவுக்கு அதுதான் உயிர். நகராட்சிச் சம்பளம் வாங்குபவள் தேர்தலில் நிற்க முடியாது என்பதால், வாயில்லாப் பூச்சியான ஆர்லோவைப் பிடித்து நிறுத்தினாள்.

பூச்சி பூச்சியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஊர் கூடி, "உங்களுக்கு நாங்க எதுக்கு ஓட்டுப் போடணும்?" என்று கேட்டபோது, "ராய்ஸும் நல்லாத்தான் செய்வாரு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெர்னாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊருக்கு என்னவோ அது பிடித்துப்போயிற்று. காப்பி கொடுத்தால் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலாவது முறை குடிக்கிற ஜனங்கள் அவர்கள்.

பட்டியலில் விசாரிக்காத பெயர் இன்னும் ஒன்றுதான். நாத்தனார் கார்லா. வெர்னா அவளைக் கடைசிக்கென்று ஆசையாக வைத்திருந்தாள்.

கார்லா தன் உணவகத்துச் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறினாள்.

"உனக்கும் எனக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அதுக்காகக் கூடப் பொறந்தவனைக் கவுப்பேனா?"

"அவன் கல்யாணத்துக்கே நீ வரல."

"வந்தேன். நீதான் போட்டோல என்னை வெட்டிட்டே." கார்லாவின் கண் கலங்கிவிட்டது. "அவன் பேரைச் சீட்டுல பார்த்ததும் அழுதுட்டேன் வெர்னா. அழுதுகிட்டேதான் போட்டேன்."

அந்தக் கண்ணீர் நிஜம். மிகுந்த வருத்தத்தோடு வெர்னா அவள் பெயரையும் அடித்தாள்.

தெருவுக்கு வந்தபிறகுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கேட்ட அத்தனை பேரும் சத்தியம் செய்துவிட்டார்கள். துரோகி என்று ஒருவருமே இல்லை. அப்படியென்றால் எண்ணியவர்கள்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார்கள்.

மறு எண்ணிக்கை கேட்க இன்று ஐந்து மணி வரை நேரம் இருந்தது. மனுவில் வேட்பாளர் கையெழுத்துப் போட்டால் போதும். வெர்னா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள்.

ஆர்லோ கார் கொட்டகையில் பனித்தள்ளு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளாக எது கேட்டாலும் "போனாப் போகுது, விடு" என்பதுதான் அவர் பதில்.

"கையெழுத்துப் போடு," என்று பேனாவை நீட்டினாள். "நூலகம் தப்பிச்சுது."

ஆர்லோ மனுவைப் படித்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் படித்தார்.

"வேணாம் வெர்னா. எண்ணினது சரியாத்தான் இருக்கும்."

"எப்படி இருக்கும்? மில்ட் சத்தியம் பண்றான். உன் தங்கச்சி அழறா. ஒரு வீடு விடாம கேட்டுட்டேன், எல்லாரும் உனக்குத்தான் போட்டிருக்காங்க."

"ரொம்ப நல்ல ஜனங்க," என்றார் ஆர்லோ. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

"அப்புறம் ராய்ஸுக்கு அந்த ஒரு ஓட்டு எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து விழுந்துச்சா?"

ஆர்லோ எண்ணெய்க் குப்பியை மெதுவாக மூடினார். நிமிர்ந்து மனைவியைப் பார்க்கத் தைரியமில்லாமல் இயந்திரத்திடம் சொன்னார்:

"நம்ம பேருக்கு நாமளே ஓட்டுப் போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"