பாட்டு முடிந்த பிறகு

அலிப்பூர் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் வித்யாலக்ஷ்மி போனில் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தாள். அமெரிக்க மலைப்பக்கத்துப் புளூகிராஸ் இசை. பாஞ்சோவின் தந்திகள் வேகமாக ஓடின, பாடுகிறவன் மட்டும் அவசரமே இல்லாமல் துக்கப்பட்டான். கிளம்பிப்போன மனைவிக்காக வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பவனின் பாட்டு. கடைசித் தந்தி ஓய்ந்ததும் ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது:

"போயிட்டு வரேன்."

அம்மாவின் குரல். அம்மா போன பங்குனியில் இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் இதைச் சொல்லாமலே படியிறங்கினாள் என்பது அப்பாவுக்குத் தீராத குறை. "சொல்லிண்டு போயிருந்தா திரும்பி வந்திருப்பா" என்பார்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் அழவில்லை. போனைப் பார்த்து, "சரி, போயிட்டு வா" என்றார்.

மறுநாள் மாலை வித்யா மறுபடி போட்டாள். பாட்டு முடிந்தது. குரல் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டும் இல்லை.

"அப்பா, அம்மா குரலக் காணலையே."

"கெளம்பிட்டா போலருக்கு" என்றார் அப்பா. அடுப்படியில் மூன்று டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்திருந்தது.

கீழ்வீட்டு ஷம்பா தில்லியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். அம்மாவை அவள் 'மாஷிமா' என்றுதான் கூப்பிடுவாள்; அம்மா இறந்தது அவளுக்குத் தெரியாது. படிக்கட்டில் அவள் யாரிடமோ வங்காள மொழியில் சிரித்துப் பேசுவது கேட்டது.

"என்ன மாஷிமா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? மெதுவா ஏறுங்க, பையை நான் தூக்கிட்டு வரேன்."