கோடுகள் ஒட்டும் இடம்

“அழாம சொல்லுக்கா. எத்தனை ராத்திரி பதிவு பண்ணின?”

“ஏழு ராத்திரி. பத்து மணியானா போன் தானாவே பதிவு பண்ண ஆரம்பிச்சிடும். தலகாணிக்குப் பக்கத்துலயே வச்சிருந்தேன்.”

இயந்திரங்களின் அதிர்வைச் சோதிக்கும் அறை அது. மதிய இடைவேளை. தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அக்கா நாற்காலியின் நுனியில் இருந்தாள். அவள் கணவரோ சினிமாவுக்கு வந்தவர் போலக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார்.

“குறட்டைக்கு எக்ஸ்ரே எடுக்கிற குடும்பம் நம்மதுதான் மச்சான்.”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு! நடுராத்திரி திடுக்குனு முழிப்பு வருதுடா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. திரும்பிப் பார்த்தா இவர் சத்தமே இல்லாம கிடப்பார். உலுக்குவேன். அப்புறம்தான் ‘என்னடி’ம்பார்.”

“நல்லாத் தூங்கறவனை உலுக்கினா வேற என்ன சொல்லுவான்?”

அவள் முறைத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பதினெட்டு வருஷத் துணை தூக்கத்திலேயே போய்விடுமோ என்ற பயம் ஒரு வாரமாக அவளை நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

திரை முழுக்கக் கோழி கிளறிய மண் மாதிரி ஒரே கிறுக்கல். அதன் உச்சிகளையெல்லாம் தொட்டு மேலே ஒரு கோடு, பள்ளங்களையெல்லாம் தொட்டுக் கீழே ஒரு கோடு வரவழைத்தான் தம்பி.

“மெஷினுக்குப் பண்றதுதான். ஃபேன் சத்தத்தைக் கழிச்சுட்டேன். ரெண்டு கோடும் விலகி விலகி வந்தா மூச்சு ஓடுது. ஒட்டிக்கிட்டா...”

“ஒட்டிக்கிட்டா?”

“மூச்சு நின்னிருக்கு. ஆறு ராத்திரி ஒரே இரைச்சல்க்கா, கோடு பிடிபடவே இல்லை. இந்த ஒண்ணுதான் பளிச்சுனு இருக்கு.”

கோடுகள் விரிந்தன, சுருங்கின, விரிந்தன. பிறகு ஒட்டின. ஒட்டியபடியே நகர்ந்தன. தம்பி விநாடிகளை எண்ணினான்.

“இருபது... இருபத்தஞ்சு... முப்பத்திரண்டு.”

அப்புறம்தான் அவை பட்டென்று அகலத் திறந்தன. அதுவரை அங்கே யாரும் மூச்சு விடவில்லை.

“மணிக்கு நாப்பது தடவை இப்படி ஆகுது. இது விளையாட்டில்லை. இன்னைக்கே டாக்டரைப் பார்த்தாகணும்.”

அக்கா வாய்விட்டு அழுதாள். “கேட்டீங்களா? தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!”

கணவர் எழுந்து வந்து திரையின் ஓரத்தில் இருந்த எண்களைக் குனிந்து பார்த்தார்.

“மச்சான், இது என்னைக்குப் பதிவானது?”

“புதன்கிழமை ராத்திரி. ஏன் மாமா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“புதன்கிழமை எனக்கு நைட் ஷிஃப்ட்டும்மா. வீட்டுல நீ மட்டும்தான் தூங்கின.”