அத்தை செய்த ரம்பம்

"அடுத்து என்ன எழுதியிருக்கான்? படிங்க மாப்பிள்ளை."

சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை மடித்து விரித்து, மாமியார் கடை பரப்பியிருந்தார். பல் வெட்டிய மெல்லிய தகடு ஒன்று. அதன் முதுகில் செருகப் பித்தளைப் பட்டை. முரட்டுத்தனமாக அறுத்த கைப்பிடிக் கட்டை. இரண்டு பித்தளைத் திருகுகள். எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்ன ரம்பம் வரும். ஆணியே இல்லாமல் பலகையும் பலகையும் புறா வால்போலக் கோத்துக்கொள்ளும்படி வெட்டுகிற ரம்பம். சாமான்கள் பெட்டியில் வந்துவிடும். சேர்ப்பது வாங்கியவர் பாடு.

மருமகன் பெட்டியோடு வந்த செய்முறைக் கையேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். "'கைப்பிடியை உங்கள் உள்ளங்கை ஒப்புக்கொள்ளும்வரை அராவவும்.'"

"உள்ளங்கை ஒப்புக்கணுமாமே! என்னமோ கல்யாணத்துக்குச் சம்மதம் கேக்கிற மாதிரி!"

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது. "ஏம்மா, நீ போடற ரம்பம் பத்தாதுன்னு இது வேறயா?"

"சும்மா இருடி. சொந்தக் கையால ஒரு பெட்டி செய்யணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

மாமியார் முப்பது வருடம் பல் மருத்துவமனை ஒன்றில் பல் செட் செய்தவர். அரமும் கையுமாக இருந்தவருக்கு ஓய்வு பெற்றதிலிருந்து கை குறுகுறுத்தது. கட்டையை இடுக்கியில் மாட்டி அராவ ஆரம்பித்தார். மரத்தூள் அவர் மூக்குக் கண்ணாடியில் படிந்தது.

கல்யாணமாகி நான்கு மாதம். மாமியார் வீட்டுக்கு வந்தால் மருமகன் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வான். எது கேட்டாலும் ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு. "மாப்பிள்ளை தங்கம்தான். ஆனா தங்கத்துக்கு வாய் கிடையாதே" என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று தன் கண்ணாடி சரியில்லை என்று சொல்லி, படிக்கிற வேலையை அவன் தலையில் கட்டிவிட்டார்.

மதியத்துக்குள் கைப்பிடி வழவழப்பாகிவிட்டது. தகட்டைச் செருகித் திருகுகளையும் முடுக்கியாகிவிட்டது.

"'திருகின் தலை மரத்தோடு மட்டமாகும்வரை அராவவும்.'"

"அராவினா பக்கத்துல மரம் கீறிடுமே! அதுக்கு என்ன பண்றதுன்னு எழுதியிருக்கானா?"

"இல்ல அத்தை. சுத்திவர டேப் ஒட்டிக்கணும். அது... விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா? முப்பது வருஷம் அரம் பிடிச்ச எனக்கே இப்படின்னா, புதுசா செய்யறவங்க கதி என்ன? இந்த ஆள் மட்டும் என் எதிர்ல வந்தான்னா, ரெண்டு காதையும் மட்டமா அராவி அனுப்புவேன்!"

அவன் காதுகள் சிவந்துவிட்டன. கையேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். டேப்பைக் கிழித்துத் திருகைச் சுற்றித் தானே ஒட்டினான். "இப்ப அராவுங்க. மெதுவா. பித்தளை சீக்கிரம் தேயும்" என்றான்.

இந்த வீட்டில் யாரும் கேட்காமல் அவனாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மாமியார் மெதுவாகவே அராவினார்.

இரவெல்லாம் கைப்பிடியில் எண்ணெய் ஊறியது. மறுநாள் காலை பற்களைத் தீட்டும் வேலை. மாமியார் முக்கோண அரத்தைச் சாய்த்துப் பிடித்தார்.

"நேரா பிடிங்க அத்தை."

"பல்லைப் பத்தி எனக்கே சொல்றீங்களா? சாய்ச்சாத்தான் கூர் வரும்."

"வராது."

மகள் வாயருகே கொண்டுபோன காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கையேட்டுல அப்படிப் போட்டிருக்கானா?" என்றார் மாமியார். "அவன் போட்டிருந்தா அது தப்பு. நான் சாய்ச்சுத்தான் அராவுவேன்."

"தப்பில்ல அத்தை!" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "குறுக்கே அறுக்கிற ரம்பத்துக்குத்தான் சாய்க்கணும். இது மரத்தோட ரேகையைப் பிடிச்சே இறங்கற ரம்பம். நேரா அராவினாத்தான் ஓடும். சாய்ச்சீங்கன்னா வேலை கெட்டுப்போகும். எத்தனை ரம்பத்தைக் கெடுத்துட்டுக் கத்துக்கிட்டது தெரியுமா!"

சொன்ன பிறகுதான் தான் கத்தியது அவனுக்கே உறைத்தது. மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அரத்தை நேராக்கி, ஒரு பல்லுக்கு இரண்டு இழுப்பு வீதம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தீட்டி முடித்தார்.

துண்டுப் பலகையில் பென்சிலால் ஒரு கோடு. மாமியார் ரம்பத்தை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். மாவுபோலத் தூள் கொட்டியது. நான்கே தள்ளலில், கோட்டைவிட்டு மயிரிழை விலகாமல் ரம்பம் இறங்கி நின்றது.

"அடேங்கப்பா!" என்றார் மாமியார், குழந்தைபோல.

அவர் முகத்தைப் பார்த்ததும் மருமகனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. நேத்துலேர்ந்து நீங்க திட்டறீங்களே, அந்த ஆள் நான்தான். இது எங்க கம்பெனி சாமான். அதுக்குக் கையேடு எழுதறதுதான் என் வேலை. நீங்க கேட்டப்போ கூச்சத்துல, ஆபீஸ் வேலைன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்."

மாமியார் பற்களில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டு மகளைப் பார்த்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"தெரியும் மாப்பிள்ளை. இவ சொல்லித்தான் தேடிப்பிடிச்சு வாங்கினேன்" என்றார் மாமியார். "பெட்டியாவது ஒண்ணாவது! உங்களைப் பேச வைக்க எனக்கு வேற வழி தெரியல. பாருங்க, இன்னைக்கு என்கூடச் சண்டையே போட்டுட்டீங்க!"