அப்பா போனில் அடித்த மணி

"பெங்களூருக்கு யாரு கூடப் போறதா இருந்தே? பேரச் சொல்லு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் சின்னராஜ். தோளில் பை அப்படியே தொங்கியது. ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு காட்டில், ரிக் வண்டியோடு போர்வெல் போட்டுக்கொண்டிருந்த மனிதர். இரண்டு ரயில் மாறி சங்ககிரியில் வந்து இறங்கி, நேராக நடுவீட்டில் வந்து நிற்கிறார். அவருக்கு எதிரே, பள்ளிக்கூடம் விட்டு வந்த யூனிஃபார்மோடு மகள் இலக்கியா. ஒன்பதாவது படிக்கிறாள்.

"நான் எங்கியும் போகலீங்கப்பா."

"அப்ப இது என்ன?" தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி மலர்விழிக்குக் கை கால் ஓடவில்லை. பல மாதம் கழித்து வந்த புருஷனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். சொம்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

எல்லாம் அந்தச் செயலி செய்த வேலை. பொங்கலுக்கு வந்திருந்தபோது, மகளுக்குப் பாடம் படிக்க போன் வாங்கிக் கொடுத்த கையோடு அதையும் போட்டுவிட்டுப் போனார் சின்னராஜ். பிள்ளை ஏடாகூடமாக எதையாவது தேடினால் பக்கம் திறக்காது. அதோடு விடாமல் அப்பன் போனில் மணி அடித்து, என்ன தேடினாள் என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொடுக்கும். அப்பன் எத்தனை மாநிலம் தாண்டி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். பெற்றவர் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராமல் இருக்கலாம். அது மட்டும் ஒரு நாள்கூட லீவு எடுக்காது.

இந்த மாதத்தில் மூன்று முறை அடித்துவிட்டது. முதலில், 'வீட்டை விட்டுப் போனால் போலீஸ் பிடிக்குமா'. அதற்குப் போனிலேயே கத்தினார். அடுத்தது, 'தனியாக பெங்களூர் போவது எப்படி'. அதற்கு அரை மணி நேரம் கத்தினார். மூன்றாவதாக, 'பதினாலு வயதில் கல்யாணம் செய்தால் செல்லுமா' என்று வந்ததும், பாதி போட்ட போர்வெல்லை அப்படியே விட்டுவிட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டார்.

"சத்தியமா நான் தேடலீங்கப்பா."

"உன்ற போன்ல பேயா வந்து தட்டுச்சு?"

"ஏனுங்க, மொதல்ல உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு..." என்றாள் மலர்விழி.

"நீ சும்மா இரு புள்ள. ஊட்டுல இருக்கறது ஒரே புள்ள. அதையும் ஒழுங்காப் பாத்துக்க முடியல உன்னால."

மலர்விழிக்குச் சுருக்கென்றது. சொம்புத் தண்ணீர் ததும்பிப் புடவையில் கொட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இனி பேச்சே கெடையாது. நாளைக்கே நாமக்கல் கூட்டிட்டுப் போயி ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்தி உட்டர்றேன். அங்க போனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வருசத்துக்கு ரெண்டு தடவ ஊட்டுக்கு வந்தாப் போதும்."

இந்த வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட, நாலு வார்த்தை பேச மலர்விழிக்கு இருப்பது இந்த ஒரு பெண்தான். அவளும் போய்விட்டால் சுவரும் டிவியும்தான் மிச்சம்.

"ஹாஸ்டல் வேண்டாமுங்க. நாஞ் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அது வந்து..."

"என்ன வந்து?"

மலர்விழி முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். இலக்கியா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தானுங்கப்பா தேடுனேன்" என்றாள்.

சின்னராஜின் முகம் கறுத்தது. "யாரு அவன்?"

"அப்படி யாருமில்லீங்கப்பா. நீங்க ஊட்டுக்கு வரோணும்னுதான். எப்பக் கூப்புட்டாலும் 'வேலையில இருக்கறேன், அப்பறம் பேசறேன்'னு வெச்சர்றீங்க. இது மணி அடிச்சா மட்டும் அஞ்சே நிமிசத்துல கூப்புடறீங்க. அதான், இன்னும் பெருசா எதாச்சும் தேடுனா நேர்லயே வந்துருவீங்கன்னு..."

"அப்பறம் ஏஞ் சாமி மொதல்ல இல்லீன்னு சொன்னே?"

"பயமா இருந்துச்சுங்க."

பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சின்னராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ ஊரில் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்த மனிதருக்கு இப்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"ஹாஸ்டலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆடி நோம்பி முடியற வரைக்கும் நான் எங்கியும் போகல சாமி." பிறகு மனைவியைப் பார்த்தார். "நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல புள்ள, கொழந்த இப்படி ஏங்கிக் கெடக்குதுன்னு?"

மகள் போனை வீட்டில் வைத்துவிட்டு ட்யூஷனுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அந்த மூன்றையும் தட்டியவள் மலர்விழிதான். அது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் இந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.